தாமஸ் லிங்கன் ஏன் ஓரிடத்தில் நிலைக்கவில்லை?

உங்கள் கேள்வி இது: "ஆபிரகாம் லிங்கனின் அப்பா கென்டக்கியில் மூன்று பண்ணை, அப்புறம் இந்தியானா, அப்புறம் இல்லினாய் என்று மாறிக்கொண்டே இருந்திருக்கிறார். காட்டை வெட்டித் திருத்தி விளைய வைத்த நிலத்தை யாராவது அப்படி விட்டுவிட்டுப் போவார்களா? மனுஷன் சோம்பேறி, ஓரிடத்தில் கால் தரிக்காதவர் என்று படித்தேன், உண்மையா?" எல்லைப்புறக் குடும்பங்கள் ஏன் இடம்பெயர்ந்தன என்று பொதுவாகக் கேட்டிருந்தால் பதில் சுருக்கமாக முடிந்திருக்கும். நீங்கள் உண்மையில் கேட்பது அந்த ஒரு மனிதரின் மேல் தப்பு இருக்கிறதா என்பதை. அதற்குக் கொஞ்சம் பத்திரங்களைப் புரட்டவேண்டும்.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. நில அளவைத் துறையில் முப்பது வருடம் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவன். அமெரிக்க நில ஆவணங்களைப் படிப்பது எனக்குப் பொழுதுபோக்கு, அதிலும் இந்தக் குடும்பத்தின் கதையைப் பல வருடமாகத் துரத்திக்கொண்டிருக்கிறேன். ஆகவே நான் பார்ப்பதெல்லாம் பட்டாக்காரன் கண்ணோடுதான். வேறு ஒருவர் மதத்தை வைத்தோ அடிமைமுறையை வைத்தோ இதே கதையை வேறு மாதிரி சொல்லலாம், அதற்கும் இடம் இருக்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கென்டக்கியை விட்டதற்கு அவர் பொறுப்பில்லை, நிலச் சட்டம்தான் பொறுப்பு. இந்தியானாவை விட்டதற்கு எனக்கு அவ்வளவு திருப்தியான காரணம் கிடைக்கவில்லை.

தாத்தாவிடமிருந்து ஆரம்பிக்கவேண்டும். அவர் பெயரும் ஆபிரகாம்தான். 1744-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர், அப்பாவோடு வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்குக்கு வந்து, அங்கே நல்ல நிலம் இருந்தும் 1780 வாக்கில் அதை விற்றுவிட்டு மலைத்தொடரைத் தாண்டிக் கென்டக்கிக்குப் போனார். அவர் பெயரில் அங்கே பதிவான நில உரிமைகளைக் கூட்டினால் 5,000 ஏக்கருக்கு மேல் வருகிறது. அதில் லாங் ரன் ஓடைக்கரையில் இருந்த 400 ஏக்கருக்கான தாளில் எழுத்தர் அவர் பெயரை "லிங்க்ஹார்ன்" என்று எழுதிவைத்திருக்கிறார். பெயரே இப்படி என்றால் எல்லை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 1786 மே மாதம் வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது பூர்வகுடி மக்களில் ஒருவர் சுட்டதில் அவர் இறந்துபோனார். பக்கத்தில் நின்றிருந்த கடைசி மகன் தாமஸுக்கு எட்டு வயது. மூத்தவன் மோர்டகாய் வீட்டுக்குள் ஓடித் துப்பாக்கியை எடுத்துச் சுட்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு போகவந்தவரைக் கொன்றான் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை. சாவு நிச்சயம், இந்தக் கதையின் நுணுக்கங்கள் வாய்வழி வந்தவை. பேரன் லிங்கனே ஓரிடத்தில் 1784 என்று வருடத்தை எழுதியிருக்கிறார். ஆவணங்களோடு ஒத்துப்போவது 1786தான்.

இந்த வருடத்தில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. உயில் எழுதாமல் செத்தால் சொத்து முழுவதும் மூத்த மகனுக்கே என்பதுதான் அன்றைக்கு வர்ஜீனியா சட்டம், கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு என்ற புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி 1 அன்று. ஏழெட்டு மாதம் தள்ளி அந்தக் குண்டு பாய்ந்திருந்தால் தாமஸும் நிலத்தோடு வளர்ந்திருப்பார். மோர்டகாய்க்கு எல்லாம் கிடைத்தது, தாமஸ் கூலி வேலை செய்துகொண்டு ஊர் ஊராகத் திரியும் பையனாக, படிப்பே இல்லாமல் வளர்ந்தார். தன் பெயரைத் தட்டுத்தடுமாறிக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் அவர் எழுதியதில்லை என்று மகன் பிற்பாடு எழுதினார்.

இனிமேல்தான் என் தொழில் வருகிறது. கென்டக்கியில் அரசாங்கம் நிலத்தை அளந்து பிரித்து விற்கவில்லை, முதலில் விற்றது, அளப்பதை வாங்கினவன் தலையில் கட்டியது. 1779-ன் வர்ஜீனியா சட்டப்படி நான்கு படி: இத்தனை ஏக்கருக்கு உரிமை என்று ஒரு சீட்டு வாங்கவேண்டும், அந்தச் சீட்டைக் காட்டி இன்ன இடம் என்று பதிவு செய்யவேண்டும், அப்புறம் அளக்கவேண்டும், கடைசியில் பட்டா. 1778-க்கு முன்னாடியே குடியேறியிருந்தவர்களுக்கு 400 ஏக்கரும், ஒட்டினாற்போல 1,000 ஏக்கர் வாங்கிக்கொள்ளும் முன்னுரிமையும் தனி. எல்லை எழுதும் லட்சணம் இப்படி: ஓடைக்கரையில் இருக்கும் வெள்ளை ஓக் மரத்திலிருந்து வடக்கே இத்தனை கோல் போய் சர்க்கரை மேப்பிள் மரம், அங்கிருந்து மேடு வழியாக இரண்டு ஹிக்கரி மரம், திரும்ப ஆரம்பித்த இடம். காட்டில் எத்தனை வெள்ளை ஓக்! நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பழைய கிரயப் பத்திரத்தில் "புளியமரத்துக்கு மேற்கு" என்று செக்குபந்தி, அதாவது எல்லை விவரம், பார்த்தேன், போய்ப் பார்த்தால் மரமே இல்லை, இரண்டு பக்கத்துக்காரரும் வேறு வேறு இடத்தில் மண்ணைத் தோண்டி வேரைக் காட்டினார்கள். ஒரு கிராமத்தில் ஒரு மரம் என்றால் சமாளிக்கலாம். கென்டக்கியில் மாநிலம் முழுக்கவே இந்தக் கதைதான். ஒரே நிலத்தின் மேல் மூன்று பேர், நான்கு பேர் உரிமை, ஓட்டு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று. அந்த ஊருக்கே பாதை போட்டவர் என்று பேர் எடுத்த டேனியல் பூன், தானும் அளவை வேலை பார்த்தவர், பதிவுக் குளறுபடியில் அங்கே இருந்த நிலத்தையெல்லாம் இழந்து 1799-ல் மிசௌரிக்குப் போய்விட்டார். அவருக்கே அந்தக் கதி.

தாமஸ் லிங்கனின் மூன்று பண்ணைகளை இப்போது பாருங்கள். 1803-ல், 25 வயதில், மில் கிரீக் ஓடையில் 238 ஏக்கரை 118 பவுண்டுக்கு வாங்கினார். சும்மா திரிந்த கூலிக்காரன் 25 வயதில் அவ்வளவு பணம் சேர்த்திருக்கிறான் என்பதைச் சோம்பேறி என்று எழுதுகிறவர்கள் ஏனோ தாண்டிப் போய்விடுகிறார்கள். 1814-ல் விற்கும்போது அளவு தப்பு என்று தெரிந்து அது 200 ஏக்கராகச் சுருங்கியிருந்தது, கிடைத்தது 100 பவுண்டு. 38 ஏக்கர் காகிதத்தில் மட்டும் இருந்த நிலம். இரண்டாவது, 1808 டிசம்பரில் நோலின் ஓடைப் பக்கம் 200 டாலர் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய 300 ஏக்கர் சொச்சம், ஒரு சுனை பாறைக்குள் இறங்கி ஓடும் என்பதால் சிங்கிங் ஸ்பிரிங் என்று பெயர். 1809 பிப்ரவரி 12 அன்று ஆபிரகாம் பிறந்தது இங்கேதான். இதில் வில்லங்கம் வேறு வகை: இவருக்கு முன்னால் வாங்கி விற்ற ஒருவர் பாக்கி வைத்த பணத்துக்காகப் பழைய உடைமையாளர் வழக்குப் போட, நிலம் நீதிமன்றம் வழியாகக் கைவிட்டுப் போனது. தாய்ப் பத்திரத்தைச் சரியாகப் பார்க்காமல் வாங்கிவிட்டார் என்று குறை சொல்லலாம். ஆனால் தன் பெயரைத் தவிர எதையும் எழுதத் தெரியாத மனிதர் அவர், வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கும் வசதியும் அன்றைக்கு இல்லை.

மூன்றாவது நாப் கிரீக். 1811-ல் அங்கே போனார்கள், லூயிவில்லில் இருந்து நாஷ்வில் போகும் பெருவழி வாசலிலேயே போனது. செங்குத்தான குன்றுகளுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகக் கிடக்கும் வண்டல் நிலம். லிங்கனின் முதல் நினைவுகளே இந்த இடத்தைப் பற்றியவை. ஏழு ஏக்கர் பெரிய வயலில் மற்றவர்கள் சோளம் ஊன்ற, இவன் பின்னாலேயே போய் ஒரு குழி விட்டு ஒரு குழி, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, குழிக்கு இரண்டு பூசணி விதை போட்டுக்கொண்டு வந்தானாம். அது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குன்றுகளின் மேல் பெருமழை. பள்ளத்தாக்கில் ஒரு சொட்டு மழை இல்லை, ஆனால் மேலேயிருந்து வந்த வெள்ளம் சோளம், பூசணி விதை, மேல்மண் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது. இதை அவர் ஜனாதிபதியாக இருந்தபோது பார்க்க வந்த ஒருவரிடம் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. கேட்டவர் வழியாக வந்த பேச்சு என்பதால் வார்த்தைக்கு வார்த்தை நம்பவேண்டாம், ஆனால் குன்றடி நிலத்தை அளந்தவனுக்கு இது நடந்திருக்கும் என்று தோன்றும்.

மழை விரட்டவில்லை, வழக்கு விரட்டியது. ஃபிலடெல்ஃபியாவில் இருந்த ஒரு குடும்பத்தின் வாரிசுகள் அந்தப் பகுதியில் 10,000 ஏக்கர் தங்களுடையது என்று சொல்லி, தாமஸ் உட்படப் பத்து விவசாயிகள் மேல் வெளியேற்ற வழக்குப் போட்டார்கள். 1818-ல் தீர்ப்பு விவசாயிகளுக்குச் சாதகமாகவே வந்தது. அதற்குள் தாமஸ் இரண்டு வருடத்துக்கு முன்னமே கிளம்பிப் போயிருந்தார். பொறுமை இல்லாதவர் என்று சொல்வீர்களா? மூன்று இடத்தில் மூன்று விதமாகச் சூடு பட்டவர், தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். லிங்கன் 1860-ல் எழுதிய சுயவிவரத்தில் இந்தப் பெயர்ச்சிக்கு அடிமைமுறை ஒரு பங்கு காரணம், ஆனால் முக்கியமாக கென்டக்கியின் நில உரிமைச் சிக்கல் என்று நேரடியாகவே சொல்லியிருக்கிறார். அந்த வருடம் அவர் ஜனாதிபதி தேர்தலில், அடிமைமுறை பரவுவதை எதிர்த்த குடியரசுக் கட்சியின் வேட்பாளர். அடிமைமுறையைத்தான் முதல் காரணமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு லாபம். அப்படியிருந்தும் பட்டாவை முன்னால் வைத்தார் என்பதால்தான் இந்த வாக்கியத்தை நான் முழுசாக நம்புகிறேன். அடிமைமுறைக் காரணமும் பொய்யில்லை. தாமஸும் மனைவி நான்ஸியும் சேர்ந்திருந்த சிறிய பாப்டிஸ்ட் சபை அடிமைமுறையை எதிர்த்தது. அடிமைகளை வைத்து வேலை வாங்குகிறவன் பக்கத்தில் தச்சு வேலை செய்து கூலி கேட்கிறவன் நிலைமை கஷ்டம் என்பதும் வெளிப்படை.

ஒஹையோ ஆற்றைத் தாண்டி இந்தியானாவுக்குள் போனால் வேறு உலகம். 1785-ல் நாடாளுமன்றம் போட்ட நிலச் சட்டப்படி அங்கே முதலில் அளவு, அப்புறம்தான் விற்பனை. ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரமாக ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 செக்ஷன், ஒவ்வொன்றும் ஒரு மைல் சதுரம், 640 ஏக்கர், அதில் கால் பங்கு 160 ஏக்கர். மரத்தின் பெயர் சொல்லவே வேண்டாம், எண் போதும். அளந்தது 66 அடி கண்டர் சங்கிலியால், 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நாம் இன்றைக்கும் வீட்டுமனைக்குச் சொல்கிற சென்ட் இதே சங்கிலியின் பிள்ளைதான், சங்கிலியில் நூறில் ஒரு பங்கு ஒரு லிங்க், 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். தாமஸ் எடுத்த நிலத்தின் முகவரி 32-ஆம் செக்ஷனின் தென்மேற்குக் கால்பகுதி, டவுன்ஷிப் 4 தெற்கு, ரேஞ்ச் (வடக்கு-தெற்காக அடுக்கிய டவுன்ஷிப் வரிசை) 5 மேற்கு. இன்றைக்கு யாரும் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டலாம். இந்த ஒற்றை வரிக்காக அவர் ஆற்றைத் தாண்டினார் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ரொம்ப மிகையில்லை.

ஒன்றைச் சேர்க்கவேண்டும். அந்த அழகான கட்டங்கள் யாருமற்ற நிலத்தில் வரையப்பட்டவை இல்லை. இந்தியானாவின் அந்தத் தென்பகுதியை 1804-ல்தான் டெலவேர், பியாங்கஷா மக்களிடம் உடன்படிக்கை என்ற பெயரில் அரசு வாங்கியிருந்தது. அதை எதிர்த்து மக்களைத் திரட்டிய ஷானி தலைவர் டெகும்சே 1813 அக்டோபரில் போரில் இறந்தார். அதற்குப் பிறகுதான் மடை திறந்தது: 1810-ல் 24,520 பேர் இருந்த இந்தியானாவில் 1820-ல் 1,47,178 பேர். லிங்கன் குடும்பம் அந்தக் கூட்டத்தில் ஒரு குடும்பம். ஒருவனுக்குச் சுத்தமான பட்டா கிடைப்பதற்கு முன்னால் இன்னொருவனிடமிருந்து நிலம் பிடுங்கப்பட்டிருந்தது, அந்தப் பகுதி செக்ஷன் எண்ணில் தெரியாது.

1816 இலையுதிர் காலத்தில் தாமஸ் முதலில் தனியாகப் போய் இடம் பார்த்து, மரங்களில் அடையாளம் வெட்டிவிட்டு வந்தார். படகு செய்து கருவிகளையும் பீப்பாய் பீப்பாயாக விஸ்கியையும் ஏற்றிக்கொண்டு போனார், வழியில் கவிழ்ந்தது என்பது கேள்விப்பட்டவர்கள் சொன்ன கதை. ரொக்கம் கிடைக்காத ஊரில் விஸ்கி பணத்துக்குப் பதிலாகப் புழங்கியது என்பதால் நடக்கக்கூடியதுதான், ஆனால் சாட்சி பலவீனம். பிறகு மனைவி நான்ஸி, ஒன்பது வயது சாரா, ஏழு வயது ஆபிரகாம். ஆண்டர்சன் ஆறு ஒஹையோவில் சேரும் இடத்துப் பக்கம் தோணியில் கடந்து, அங்கிருந்து ஏறக்குறைய 16 மைல் உள்ளே லிட்டில் பிஜன் கிரீக். கடைசித் தூரத்துக்குப் பாதையே இல்லாமல் மரமும் காட்டுக்கொடியும் வெட்டிக்கொண்டே வண்டியை நகர்த்தினார்களாம். இந்தியானா மாநிலமானது அதே 1816 டிசம்பர் 11 அன்று.

மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த கொட்டகையில், திறந்த பக்கத்தில் ராப்பகலாக நெருப்பு மூட்டி, அந்தக் குளிர்காலம் முழுவதையும் கழித்தார்கள் என்று நீங்களும் படித்திருப்பீர்கள், தாமஸைத் திட்டுகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த காட்சி. இதை நான் சந்தேகிக்கிறேன். லிங்கன் தானே எழுதியது: எட்டு வயது முடிவதற்குச் சில நாள் முன்பு, அப்பா இல்லாத நேரத்தில், "புதிய மரவீட்டின்" பக்கம் காட்டு வான்கோழிக் கூட்டம் வந்தது, தான் உள்ளே நின்று இடுக்கு வழியாகச் சுட்டு ஒன்றைக் கொன்றேன், அதற்கப்புறம் அதைவிடப் பெரிய எதையும் வேட்டையாடவே இல்லை என்று. எட்டு வயது முடிவதென்றால் 1817 பிப்ரவரி. இடுக்கு இருந்தால் சுவர் இருந்தது, சுவர் இருந்தால் வீடு எழும்பியிருந்தது. கொட்டகைக் கதையின் முக்கியச் சாட்சி நான்ஸியின் உறவுக்காரர் டென்னிஸ் ஹாங்க்ஸ். அவர் வந்ததே அடுத்த வருடம். வந்தபோது அவரை வளர்த்த ஸ்பாரோ தம்பதி அந்தக் கொட்டகையில்தான் தங்கினார்கள். கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, லிங்கன் இறந்த பிறகு பேட்டி கொடுத்தபோது இரண்டு குளிர்காலமும் அவர் மனதில் ஒன்றாகிவிட்டது என்பது என் ஊகம். சில வாரம் கொட்டகையில் இருந்திருப்பார்கள், முழுக் குளிர்காலம் இல்லை.

பையன் கையில் உடனே கோடரி கொடுக்கப்பட்டது, 23 வயதுவரை அதை ஏறக்குறைய கீழே வைக்கவே இல்லை, உழவும் அறுப்பும் நடக்கும் மாதங்களில்தான் கொஞ்சம் ஓய்வு. எல்லா மரத்தையும் வெட்டிச் சாய்த்துத்தான் விதைத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பெரிய மரங்களின் அடியில் சுற்றிலும் பட்டையை உரித்துவிடுவார்கள். மரம் நின்றபடியே செத்து இலை உதிர்ந்து வெயில் கீழே இறங்கும், நடுவில் சோளம் ஊன்றுவார்கள், மரம் தானாக விழும்போது எரித்துக்கொள்ளலாம். பார்ப்பதற்குச் சுடுகாடு மாதிரி இருக்கும், முதல் வருடமே கஞ்சிக்கு வழி கிடைக்கும்.

1817 அக்டோபர் 15 அன்று தாமஸ் வின்சென்ஸ் நில அலுவலகத்துக்குப் போய் 160 ஏக்கரை ஏக்கர் 2 டாலர் விலைக்குப் பதிவு செய்தார். மொத்தம் 320 டாலர், அதில் கால் பங்கு 80 டாலர் முன்பணம், மீதி தவணை. அன்றைக்கு 16 டாலர் கட்டினார், டிசம்பரில் 64. மீதி 240-ஐ அவரால் கடைசிவரை கட்டமுடியவில்லை. 1819-ல் வங்கிகள் சரிந்து நாடு முழுக்கப் பணமுடை, தவணையில் வாங்கியவர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். நாடாளுமன்றமே இறங்கிவந்து, பாதி நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கட்டிய பணத்தை மீதியில் கழித்துக்கொள்ள வழி செய்தது. 1827-ல் தாமஸ் கிழக்குப் பாதியை விட்டுக்கொடுத்து மேற்கு 80 ஏக்கருக்கு முழுப் பட்டா வாங்கினார். பத்து வருடம். வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த முதல் வில்லங்கமில்லாத நிலம்.

அதற்கிடையில் 1818 அக்டோபர் 5 அன்று நான்ஸி இறந்துவிட்டார், 34 வயது. அதற்குச் சில நாள் முன்பு ஸ்பாரோ தம்பதி இருவரும். அந்த நோய்க்குப் பால் நோய் என்று பெயர். மருத்துவம் என் துறை இல்லை, படித்ததைச் சொல்கிறேன்: கோடை முடிவில் புல் காய்ந்ததும் மாடு காட்டு நிழலில் மேயப் போகும், அங்கே ஒயிட் ஸ்நேக்ரூட் என்ற வெள்ளைப் பூச்செடியைத் தின்னும், விஷம் பாலில் இறங்கும். செடிக்கும் பாலுக்கும் உள்ள தொடர்பை விஞ்ஞானம் உறுதிப்படுத்தியது 1920-களில்தான். மேய்ச்சல் நிலம் திருத்தாத புதுக் குடியிருப்பில்தான் இது அதிகம், காடு அழிந்ததும் நோயும் போனது. தாமஸ் தச்சர் என்பதால் சவப்பெட்டியை அவரே செய்தார். ஒரு வருடம் கழித்து, 1819 டிசம்பரில், கென்டக்கிக்குத் திரும்பிப் போய், மூன்று குழந்தைகளோடு இருந்த சாரா புஷ் ஜான்ஸ்டன் என்ற விதவையைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தார். சாரா வந்ததும் முதலில் வீட்டுக்குத் தரைப்பலகை போடவைத்தார் என்பார்கள். டென்னிஸையும் சேர்த்து எட்டு பேர் ஒரே மரவீட்டில்.

இப்போது சோம்பேறிக் குற்றச்சாட்டு. கென்டக்கியில் 1814-ன் வரிப் பட்டியலில் சொத்து வரிசையில் 98 பேரில் தாமஸ் 15-ஆவது. ஜூரியில் இருந்திருக்கிறார், சபைக்குப் பொறுப்பாளராக இருந்திருக்கிறார், அவர் செய்த அலமாரிகளில் சில இன்றும் இருக்கின்றன. பணம் சேர்க்கத் தெரியாதவர் என்பது சரி, வேலை செய்யாதவர் என்பது சரியில்லை. மகனைப் பக்கத்துப் பண்ணைகளுக்கு வேலைக்கு அனுப்பிக் கூலியைத் தானே வாங்கிக்கொண்டார், 21 வயதுவரை அப்பாவுக்குச் சட்டப்படி அந்த உரிமை உண்டு. மகனின் மனதில் இது ஆறாத புண்ணாக இருந்திருக்கலாம். அந்தக் கசப்புதான் பிறகு எழுதியவர்களின் பேனாவில் இறங்கிச் சோம்பேறி ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆனால் 1830-ஐப் பற்றி அவருக்காக என்னால் வாதாட முடியவில்லை. சுத்தமான பட்டா கையில் இருந்தது. பால் நோய் மறுபடி வருகிறது என்ற பேச்சு, இல்லினாய்க்குப் போயிருந்த நான்ஸியின் உறவுக்காரர் ஜான் ஹாங்க்ஸ் அங்கே மண் அருமை என்று சொல்லியனுப்பியது, மனைவியின் பெண்களும் மருமகன்களும் கிளம்பியது, எல்லாம் சேர்ந்து இழுத்தன. நிலம் 125 டாலருக்குப் போனது. 1820-லேயே அரசு நிலத்தின் விலை ஏக்கர் ஒன்றேகால் டாலராக இறங்கியிருந்தது. பக்கத்தில் காடு அந்த விலைக்குக் கிடைக்கும்போது திருத்திய நிலத்துக்கு யார் கூடக் கொடுப்பார்கள்? பதின்மூன்று வருடக் கோடரி வேலைக்கு ஏறக்குறைய விலையே கிடைக்கவில்லை. மார்ச் 1 அன்று பதின்மூன்று பேர், மாட்டுவண்டிகள், ஒரு வண்டியை ஓட்டியது 21 வயது ஆபிரகாம். இல்லினாயில் சங்கமன் ஆற்றின் வடகரையில், காடும் புல்வெளியும் சேரும் இடத்தில் வீடு கட்டி, மரம் பிளந்து பத்து ஏக்கருக்கு வேலி போட்டு, அந்த வருடமே சோளம் எடுத்தார்கள். இலையுதிர் காலத்தில் எல்லாரும் குளிர்காய்ச்சலில் விழுந்தார்கள், தொடர்ந்து வந்தது இல்லினாய்க்காரர்கள் "பெரும்பனி" என்று பெயர் வைத்துப் பல காலம் பேசிய குளிர்காலம். 1831 வசந்தத்தில் தாமஸ் மறுபடி கிளம்பி இல்லினாயிலேயே கோல்ஸ் கவுண்டிக்கு (கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி) போனார். ஆபிரகாம் கூடப் போகவில்லை, படகில் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

போனவர் இரண்டு வருடத்தில் நம்ம தொழிலுக்கு வந்தார் என்பது எனக்கு ஒரு சின்னப் பெருமை: சங்கமன் கவுண்டியில் துணை நில அளவர். அப்புறம் வக்கீல். 1841-ல் அப்பாவின் நிலத்தில் 40 ஏக்கரை 200 டாலருக்குத் தானே வாங்கி, அப்பாவும் சித்தியும் உயிரோடு இருக்கும்வரை அனுபவித்துக்கொள்ளலாம் என்று எழுதிவைத்தார். கையில் காசு கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் காசும் போயிருக்கும், நிலமும் போயிருக்கும் என்று அவருக்குத் தெரியும். 1851 ஜனவரியில் தாமஸ் இறந்தார், மகன் போகவில்லை. அதே வருடம் நவம்பரில் சாராவின் மகன் ஜான் ஜான்ஸ்டன் நிலத்தை விற்றுவிட்டு மிசௌரிக்குப் போகப்போகிறார் என்று கேள்விப்பட்டு லிங்கன் ஒரு கடிதம் எழுதினார். இது சுத்த முட்டாள்தனம், மிசௌரியில் மண் இதைவிட வளமா, அங்கே மட்டும் உழைக்காமல் சோளமும் கோதுமையும் விளையுமா, இடத்துக்கு இடம் ஊர்ந்துகொண்டிருப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்ற பாணியில் போகிறது. கடைசியில், கிழக்குப் பக்கத்து 40 ஏக்கரை அம்மா இருக்கும்வரை தான் வைத்திருக்கப்போவதாகவும், நீ உழாவிட்டால் குத்தகைக்கு விட்டு அந்தப் பணத்தில் அவர் சாப்பிடட்டும் என்றும் சொல்லிவிடுகிறார்.